படுதா முழுக்க ஆடித் தள்ளுபடி!

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரர்களின் அன்புப் பிடியிலிருந்து தப்பித்து, எதிர்ப்பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெளேரென்று கோபுரமும் கடிகாரமுமாக நிற்பது ரிப்பன் மாளிகை. மாநகராட்சி ஆபீஸ். அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில், தலையில் கேரளத்துக் கூரை போல ஒரு தொப்பி வைத்துக்கொண்டு இன்னொரு கட்டடம் நிற்கிறதே, அது என்ன என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "அதுவா... பழைய கோர்ட்டு" என்பார்கள். மீதி இரண்டு பேர் "சர்ச்சு" என்பார்கள்.

இரண்டும் இல்லை. அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். ரிப்பன் மாளிகை 1913-ல் முடிந்தது. இது அதற்கு அண்ணன். தமிழ்நாட்டில் படித்தவர்கள் நாடகம் போடலாம், அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்ற வழக்கம் ஊன்றி நின்றது இந்தக் கூரைக்குக் கீழேதான்.

இந்த ஹாலுக்கு ஒரு ஆண்டு விழா எடுப்பது என்று புரசைவாக்கத்தில் நாங்கள் ஒன்பது பேர் முடிவு செய்திருக்கிறோம். ஒன்பது பேரும் மாதம் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் உட்கார்ந்து பழைய நாடகங்களை வாய்விட்டுப் படிக்கிறவர்கள். எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் லெட்டர்பேடு அடிக்க வேண்டும். லெட்டர்பேடு அடித்தால் யார் செயலாளர் என்று சண்டை வரும். ஆனால் விழா என்றதும் ஒரே ஒரு பதவியை மட்டும் ஏகமனதாக நிரப்பினார்கள். "தம்பி பி.காம்.தானே? பொருளாளரா போட்டுக்குங்க!"

பி.காம். படித்ததால் இந்த ஜன்மத்தில் எனக்குக் கிடைத்த பதவிகளெல்லாம் இப்படித்தான். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது, குடியிருப்போர் சங்கத்தில் தண்ணி லாரிக் கணக்கு, இப்போது இது.

முதல் கூட்டத்திலேயே முதல் சிக்கல். எத்தனையாவது ஆண்டு விழா?

சிரிக்காதீர்கள். மனிதர்களுக்கு ஒரு பிறந்த தேதிதான். கட்டடத்துக்கு நாலைந்து உண்டு. பட்டணத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசியது 1882-ல். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டியது 1883 டிசம்பரில். (இது ஹம்பி விஜயநகரம் இல்லை, விசாகப்பட்டினம் பக்கம் இருக்கும் ஜமீன்.) விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த பொன்விழா 1887-ல். அதை முன்னிட்டு ராணி பெயரை ஹாலுக்குச் சூட்டியது அதையொட்டி. கட்டி முடித்த வருஷம் என்று ஒரு புத்தகம் 1888 என்கிறது, இன்னொன்று 1890 என்கிறது.

"அடிக்கல்தான் ஸார் கணக்கு" என்றார் எங்கள் வக்கீல்.

"கர்ப்பத்துல இருக்கிற குழந்தைக்கு யாராவது சஷ்டியப்தபூர்த்தி பண்ணுவாளா?" என்றார் ரிடையர்டு ரயில்வே ஸார். அவர் பார்சல் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

கடைசியில் பொன்விழா வருஷத்தையே பிடித்துக்கொண்டோம். 1887-லிருந்து 2027-க்கு 140 வருஷம். இதைக் கேட்டதும் எங்கள் டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம்.

"அப்போ நாம கொண்டாடறது மகாராணியையா? எதுக்கு நமக்கு அந்த வேலை? சுதந்திரம் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

நியாயமான கேள்விதான். இங்கே நான் கொஞ்சம் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ராணி அம்மையார் இந்தியாவுக்கே வந்ததில்லை. ஹாலுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம்மவர்கள். திருவிதாங்கூர், மைசூர், புதுக்கோட்டை மகாராஜாக்கள், எட்டயபுரம் ஜமீன்தார் என்று முப்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பிளான் போட்டவர் ராபர்ட் சிஸம் என்கிற வெள்ளைக்காரர். திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியமும் இவர் கைவேலைதான். கேரளத்துத் தொப்பி இங்கே வந்து உட்கார்ந்த ரகசியம் புரிகிறதா? கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட்டும் கன்னிமாரா நூலகமும் கட்டிய அதே செட்டியார். கணித மேதை ராமானுஜன் 1920-ல் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இவருடையதுதான். ஆக, ராணி கொடுத்தது பெயர் மட்டும். பெயருக்குக் காசு செலவில்லை!

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இடத்துக் கணக்கு இன்னும் அழகு. பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் 57 கிரவுண்டை முனிசிபாலிட்டி 1886-ல் டிரஸ்டுக்குக் குத்தகைக்கு விட்டது. கிரவுண்டுக்கு எட்டணா. 99 வருஷக் குத்தகை. டிரஸ்ட் வருஷத்துக்கு 28 ரூபாய் கட்டி வந்ததாக வரலாறு சொல்கிறது. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 57 கிரவுண்டு, எட்டணா வீதம், 456 அணா. பதினாறால் வகுத்தால் இருபத்தெட்டரை ரூபாய். வருஷத்துக்கு எட்டணா உதைக்கிறது! 99 வருஷத்துக்கு நாற்பத்தொன்பதரை ரூபாய். "இதை யார்கிட்டே வசூல் பண்றது?" என்று கேட்டேன். "அதை வசூல் பண்ண நோட்டீஸ் அடிக்கவே ஐந்நூறு ஆகும், விடுங்க" என்றார் வக்கீல்.

சென்ட்ரலுக்கு எதிரே 57 கிரவுண்டு, வருஷத்துக்கு 28 ரூபாய். இன்றைக்கு அந்த இடத்தில் ஸ்கூட்டரை ஒரு நாள் நிறுத்தினால்கூட... சரி, வயிற்றெரிச்சல் வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹால் என்றால் வெறும் சுவர். அதற்கு உயிர் கொடுத்த ஆசாமி ஒருவர் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார்.

1891-ல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவருடைய சரஸ விநோதினி சபா பட்டணத்துக்கு வந்து இந்த ஹாலில் தெலுங்கு நாடகம் போட்டது. கிருஷ்ணமாச்சார்லு தொழிலில் வக்கீல். அவர் குழுவில் இருந்தவர்களும் உத்தியோகம் பார்க்கிற, படித்த மனிதர்கள். அதைப் பார்க்க வந்தவர்களில் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் சம்பந்தமும் ஒருவர். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் 'கூத்தாடி'. திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள். வக்கீலே வேஷம் கட்டி மேடையில் நிற்பதைப் பார்த்ததும் பையனுக்கு மண்டையில் மின்னல் அடித்துவிட்டது. 'தெலுங்கில் முடிந்தால் தமிழில் ஏன் முடியாது?'

அதே 1891, ஜூலை 1-ஆம் தேதி. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாஸ சபையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு வருஷத்தில் 'புஷ்பவல்லி' நாடகத்தை எழுதி இந்த ஹாலிலேயே மேடையேற்றினார்கள். பிறகு 'லீலாவதி சுலோசனா', 'மனோகரா', 'சபாபதி'. ஷேக்ஸ்பியரையும் விடவில்லை. ஹாம்லெட்டுக்கு வேஷ்டி கட்டி 'அமலாதித்யன்' ஆக்கினார். வெனிஸ் நகர வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனார். பிற்காலத்தில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாகவும் இருந்தார் முதலியார். பகலில் தீர்ப்பு, ராத்திரியில் அரிதாரம்! சத்தியமூர்த்தி, ஸர் சி.பி.ராமசாமி ஐயர், ஆர்.கே.சண்முகம் செட்டியார் எல்லாம் சபையில் உறுப்பினர்கள். பெண் வேஷமும் ஆண்கள்தான். ரங்கவடிவேலு முதலியார் நாயகியாக வந்தால் சபை நிரம்பி வழியுமாம்.

1936-ல் சபை மவுண்ட் ரோடு பக்கம் இடம் மாறிப் போயிற்று. ஹால் அனாதையாயிற்று என்று சொல்ல மாட்டேன்; ஆனால் களை போய்விட்டது. பிறகு பல வருஷம் பூட்டு, புறா, தூசி. எதிரில் மெட்ரோ ரயிலுக்குக் குழி தோண்டிய காலத்தில் அதைப் பார்த்தபோது, கடன்காரன் வந்த வீட்டில் ஓரமாக நிற்கும் பெரியவர் மாதிரி இருந்தது. 2023-ல் மாநகராட்சி மராமத்து வேலையை ஆரம்பித்த பிறகுதான் செங்கல்லில் மறுபடி ரத்த ஓட்டம் வந்தது.

நாடகம் மட்டுமா? விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் பட்டணத்துக்கு வந்து, தன் வருங்காலத் திட்டம் என்ன என்று பேசியது இங்கேதான். பாரதியார் பேசியிருக்கிறார். 1890-களின் கடைசியில் சுவரில் துணி கட்டி 'அசையும் படம்' காட்டி மதராஸ்வாசிகளை வாய் பிளக்க வைத்ததும் இங்கேதான். நாடகத்துக்கு வீடாக இருந்த ஹாலே, பின்னால் நாடகத்தைத் தூக்கிச் சாப்பிடப் போகும் சினிமாவுக்கும் திண்ணை கொடுத்திருக்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் குழுவில் நரம்பு முறுக்கேறி, தேதி குறிக்க உட்கார்ந்தோம். சபை பிறந்த ஜூலை 1-தான் பொருத்தம். காலண்டரைப் பார்த்தால் 2027 ஜூலை 1 வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு யார் வருவா? ஆபீஸ் விட்டு வரவே ஏழரை ஆகும். ஜூலை 3, சனிக்கிழமை. ஆனி மாசம்தான். ஆடி பொறக்கறதுக்குள்ளே முடிச்சிடலாம்" என்றார் ரயில்வே ஸார்.

'ஆடி' என்ற வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஏனென்றால், அடுத்த வாரம் நன்கொடை கேட்கப் போன இடத்தில் அதே வார்த்தைதான் காத்திருந்தது.

ஒரு ஜவுளிக்கடை முதலாளி. பெயர் வேண்டாம். நல்ல மனிதர், காபி கொடுத்தார். சளைக்காமல் விஷயத்தைக் கேட்டார். "நல்ல காரியம். அம்பதாயிரம் எழுதிக்குங்க" என்றார். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. அப்புறம் மெதுவாக, "மேடையிலே பெரிய துணி தொங்கும் இல்லே? அதுல நம்ம விளம்பரம் போட்டுடலாம். ஆடித் தள்ளுபடிக்கு சரியா இருக்கும்" என்றார்.

"எது ஸார்? பின்னாடி பேனரா?"

"பேனரை யார் பாக்கறாங்க? முன்னாடி மேலே போய்க் கீழே வருமே, அந்தத் துணி."

படுதா! நாடகப் படுதா! மனோகரன் சங்கிலியோடு வந்து நிற்கப் போகிற நேரத்தில் படுதா தூக்கினால்... 'ஐம்பது சதவீதம் வரை' மெல்ல மேலே போகும். பார்த்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து பட்ஜெட்டை எழுதினேன். ஜவுளிக்கடைப் பணத்தையும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் வரவு என்று வைத்துக்கொண்டேன். செலவுக்கு ஆளாளுக்குச் சொன்னதை அப்படியே இறக்கினேன். மைக் செட், லைட் 22,000. சேர், ஷாமியானா 18,000. வரவேற்புரையில் ஆரம்பித்து நன்றியுரை வரை மேடையேறும் முப்பத்தாறு பேருக்குப் பொன்னாடை, ஷீல்டு, தலைக்கு 900 வீதம் 32,400. டிபன், காபி 40,000. நோட்டீஸ், பேனர் 12,000. வீடியோ 15,000. நாடகத்துக்கு மேக்கப், டிரஸ், சீன் 8,000. மீதி 12,600 'இதர செலவு'. (இதர செலவு இல்லாத பட்ஜெட்டை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.)

கூட்டல் சரியாக வந்தது. ஆனால் அந்தத் தாளை ராத்திரி மறுபடி பார்த்தபோது என்னவோ நெருடியது. நாடக ஹாலுக்கு விழா. அதில் நாடகத்துக்கு எட்டாயிரம். ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் ஐந்து சதவீதம். பொன்னாடைக்கு அதைப் போல் நாலு மடங்கு!

அந்த எட்டாயிரத்தில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் சூளையில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். மேக்கப்காரர். எண்பதைத் தொடுகிற வயசு. ஒரே அறை வீடு. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் தாடி, மீசை, ஜடை, ஒரு முனிவர் ஜடாமுடி, பூச்சி அரித்த ஒரு கிரீடம். அவருடைய தொழில் வாத்தியார் சுகுண விலாஸ சபைக்காரர்களுக்கு அரிதாரம் பூசிய மனிதராம். 'விக்டோரியா ஹால்' என்றதுமே பெரியவர் காலை மடக்கி நேராக உட்கார்ந்தார்.

"எங்க வாத்தியாரு சொல்லுவாரு தம்பி. அந்த ஹால்ல மைக் கிடையாது. கேலரியில கடைசியில குந்திக்கினு இருக்கிறவனுக்கும் காது கேக்கணும், மூஞ்சியும் தெரியணும். அதனால புருவத்தை ஒரு விரல் கடை தடிமனா எழுதுவாராம். கிட்டக்கப் பாத்தா பூதம் மாதிரி இருக்கும், தூரக்கப் பாத்தா ராஜா."

முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிய காலம். அரிதாரம் என்பது உண்மையிலேயே ஒரு மஞ்சள் கல், விஷமுள்ள சரக்கு. அதைத் தினம் பூசிப் பூசி நடிகன் முகத்துத் தோல் வெந்துபோகும் என்றார். நடிகன் முகமாவது ராத்திரிக்கு ராத்திரி, பூசுகிறவன் விரல்? தன் விரல்களை நீட்டிக் காட்டினார். நகம் எதுவும் நேராக இல்லை. அவர் காலத்தில் டப்பா மேக்கப் வந்துவிட்டது. ஆனால் சின்ன வயசில் வாத்தியாருக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்த கை.

"எவ்வளவு ஆகும் பெரியவரே?" என்றேன்.

"எத்தினி பேருக்கு?"

"பதினாலு பேர். 'சபாபதி' போடலாம்னு இருக்கோம்."

கணக்குப் போட்டு ஒரு தொகை சொன்னார். டிரஸ் வாடகைக்கு வேறு இடம், சீன் துணிக்கு வேறு ஆள், ஆர்மோனியத்துக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், லைட்டுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பையன், ஒப்பனை அறையில் கைக்கு ஆள் என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. நான் எட்டாயிரம் என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது அவரே கேட்டார். "எனக்குத் துணி கிணி போத்துவீங்களா தம்பி?"

"நிச்சயமா! பொன்னாடை போத்தி கௌரவிப்போம் பெரியவரே!"

"வேணாம்பா. வீட்டுல இருபத்திரண்டு கிடக்குது. கூலியைக் குடுத்துடுங்க. போத்தினவன் எவனும் கூலி பாக்கி வைக்காம போனதில்ல."

அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் இதை அப்படியே சொன்னேன். ரகளை!

"அந்தக் கால சபையிலே யாரும் காசு வாங்கலையே? எல்லாம் அமெச்சூர்தானே? கலைச் சேவை" என்றார் வக்கீல்.

அவர் சொன்னது பாதி உண்மை. சபை உறுப்பினர்கள் காசு வாங்கவில்லைதான். அவர்களுக்கு வக்கீல் ஃபீஸ் வந்தது, உத்தியோகச் சம்பளம் வந்தது, சிலருக்குப் பரம்பரைச் சொத்தும் இருந்தது. ஆனால் மீசை ஒட்டியவரும் படுதா இழுத்தவரும் சேவை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் உலையில் என்ன போடுவார்கள்? அதே காலத்தில் மதுரைப் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் பாய்ஸ் கம்பெனிப் பையன்களை வைத்து நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே நாடகம்தான் சோறு. பம்மல் முதலியார் நாடகத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்த மரியாதை மேடைக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் "அப்ஜெக்‌ஷன்" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

டீச்சரம்மாதான் பேனாவை எடுத்தார். "முப்பத்தாறு பேர் எதுக்கு மேடையிலே? நாடகத்துலயே பதினாலு பேர்தானே?" என்று பட்டியலை வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அலறல். "ஐயோ, அவர் எங்க சம்பந்தி!" "இவரை விட்டா போலீஸ் பர்மிஷனுக்கு யாரைப் பிடிக்கறது?" கடைசியில் ஆறு பேர் மிஞ்சினார்கள். பொன்னாடைச் செலவு 5,400. மிச்சம் 27,000. டிபனில் பாதாம் அல்வாவையும் இரண்டாவது ஸ்வீட்டையும் தூக்கியதில் 15,000 மிச்சம். (ரயில்வே ஸார் இதை மட்டும் மன்னிக்கவில்லை.) வீடியோவை எங்கள் காலேஜ் பையன் தன் போனிலேயே எடுத்துவிடுகிறேன் என்றான், இன்னொரு 15,000. மொத்தம் 57,000. ஏற்கெனவே இருந்த 8,000-ஐச் சேர்த்தால் நாடகத்துக்கு 65,000!

என்ன நாடகம் என்பதில் வேறு ஒரு மகாபாரதம். ரயில்வே ஸாருக்கு 'மனோகரா'தான் வேண்டும். அவர் மனசில் ஓடுவது 1954-ல் வந்த படம். கலைஞர் வசனம், சிவாஜி கர்ஜனை, கண்ணாம்பா. "சங்கிலிக் காட்சி இல்லாம என்ன ஸார் நாடகம்?" என்றார். சங்கிலி சரி, அதை இழுத்துக்கொண்டு கர்ஜிக்க எங்களில் யாருக்குத் தொண்டை இருக்கிறது? இருந்த ஒரே தொண்டை டீச்சரம்மாவுடையது. 'சபாபதி' என்றால் அசட்டுப் பணக்காரன், அவனைவிட அசட்டு வேலைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். 1941-ல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படத்தில் டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் போட்ட கூத்தை இன்றைக்கும் பார்த்துச் சிரிக்கலாம். எங்கள் குழுவில் அந்த வேஷங்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. 'சபாபதி' ஜெயித்தது. ரயில்வே ஸாருக்கு ஆறுதல் பரிசாக, ஆரம்பத்தில் 'மனோகரா'விலிருந்து ஒரே ஒரு காட்சி. சங்கிலியோடு.

இடம்? ஹாலுக்குள்ளேயே நடத்த அனுமதி கேட்டு மனு எழுதியாயிற்று. டீச்சரம்மா கையெழுத்தில், மூன்று பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். கிடைத்தால் உள்ளே. கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஏதாவது பள்ளிக்கூட மண்டபம். காலையில் ஹால் வாசலில் இருந்து, பட்டணத்து நாடகம் பற்றி ஒரு நடைச் சுற்று. ஹால், ரிப்பன் மாளிகை, 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடம். காலேஜ் பையன்தான் அழைத்துப் போகிறான். இதற்குச் செலவு இல்லை, மோர் மட்டும்.

நோட்டீஸில் என்ன போடுவது என்பதற்கும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வழக்கமாகத் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் முதல் பக்கம் முழுக்கப் போய், நாடகம் போடுகிறவர்கள் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் வரும். இந்த முறை மேக்கப், ஆர்மோனியம், மிருதங்கம், சீன், படுதா இழுப்பவர் என்று ஒவ்வொருவர் பெயரும் நடிகர்கள் பெயருக்குச் சமமான எழுத்தில். வாழ்த்துரை கடைசியில். ஆறு பேரில் எத்தனை பேர் இதற்குப் பிறகும் வருவார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாக்கி இருப்பது ஜவுளிக்கடை. அவருடைய ஐம்பதாயிரம் இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் சரிந்துவிடும். நாடகத்துக்கு 65,000 என்பது 15,000 ஆகிவிடும். பெரியவரிடம் போய் மறுபடி நிற்க வேண்டும். நான்தான் போனேன். வாசலில் வளைவு வைக்கிறோம், நோட்டீஸின் பின்பக்கம் முழுக்க உங்களுக்கு, இடைவேளையில் மூன்று தடவை அறிவிப்பு, டிபன் பொட்டலத்தில்கூட உங்கள் கடைப் பெயர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். படுதாவை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். காபியும் வந்தது.

"படுதாவுல என்ன இருக்கும் அப்போ?"

"ஒண்ணும் இருக்காது ஸார். வெறும் சிவப்பு வெல்வெட்."

"வெல்வெட்டா? எத்தனை மீட்டர் வேணும்?"

அகலம், உயரம், மடிப்பு என்று அளவு சொன்னேன். கல்லாவில் இருந்த பையனைக் கூப்பிட்டு கால்குலேட்டர் கேட்டார். தட்டினார், பார்த்தார், மறுபடி தட்டினார். "திங்கக்கிழமை வாங்க, சொல்றேன்" என்றார். வருகிற திங்கள் போகிறேன்.